பத்துக்குப் பத்து அறையும் நாற்பது ஆண்டுகளும்

வந்திருக்கும் கேள்வி இது: "எங்கள் ஊருக்கு வெளியே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். மழைக்கு முன்பு நாற்பது வீடுகளுக்குத் தார்ப்பாய் வாங்கித் தரலாமா, தகரக் கூரை போட்டுத் தரலாமா? அகதிகளுக்கு வீட்டு உதவி செய்வதென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

தார்ப்பாய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகரம் வேண்டவே வேண்டாம். தகரத்தைப் பற்றிப் பட்டறிந்துதான் சொல்கிறேன். கட்டட வேலை தெரிந்தவன் என்பதால் இருபது ஆண்டுகளுக்கு முன்பு தென் மாவட்ட முகாம் ஒன்றில் கூரை மாற்றும் வேலையை நண்பர்கள் என்னிடம் ஒப்படைத்தார்கள். தார் அட்டைக் கூரைகள் ஓட்டையும் ஒட்டுமாக இருந்தன. ஐப்பசிக்குள் இருபத்தைந்து வீடுகளுக்குத் தகரம் போட்டு முடித்தோம். ஒழுகவில்லை. மனநிறைவோடு ஊர் திரும்பினோம். பங்குனியில் மறுபடியும் போனபோது பகல் பதினொரு மணிக்கு ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லோரும் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒரு பெரியவர் மட்டும் தம் வீட்டுத் தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, கிடுகு போட்டால்தான் உள்ளே இருக்க முடியும். நீங்கள் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன்" என்றார். நாம் கீற்று என்பதை அவர்கள் கிடுகு என்பார்கள். அந்த வீடுகளின் தாழ்ந்த பக்கச் சுவர் ஆறரை அடி உயரம்தான். அவ்வளவு தாழ்வான சுவர் மேல் தகரம் வைத்தால் அது அடுப்பு. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டிருக்கவும் வேண்டும்.

ஏன் கேட்கவில்லை என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். அந்த மக்கள் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுவார்கள், அதுவரை மழை நனைக்காமல் இருந்தால் போதும் என்று மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அரசும் தொண்டு நிறுவனங்களும் வைத்திருந்த கணக்கும் அதுதான். தமிழ்நாட்டு முகாம் வீடுகளில் நடந்த தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் "தற்காலிகம்" என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு படகுகள் வரத் தொடங்கின. 1987 வரை வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 1,34,000 பேர். 1989 முதல் 1991 வரை இரண்டாவது அலை. 1990களின் நடுவில் மூன்றாவது. 2006 முதல் இறுதிப் போர்க் காலத்தில் நான்காவது. மொத்தம் 3 லட்சத்துக்கு மேல். கரை சேர்ந்தவர்கள் முதலில் போய் நின்ற இடம் மண்டபம் முகாம். பிரிட்டிஷார் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அது. மலையகத் தமிழர் சிலருடைய குடும்பக் கதையைக் கேட்டால் நெஞ்சு கனக்கும். கொள்ளுத்தாத்தா மண்டபம் வழியாகத் தோட்டத்துக்குப் போனார். பேரன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாப் பக்கம் இறங்கினார். கொள்ளுப்பேரன் படகேறி மண்டபத்துக்கே திரும்பி வந்தார். இந்தக் குடும்பங்கள் அங்கே லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டின் அறையில் ஒண்டின, இங்கே முகாம் அறையில் ஒண்டின. நூறு ஆண்டுகளில் சொந்தக் கதவு என்று ஒன்று கிடைக்கவே இல்லை.

மண்டபத்திலிருந்து மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்களுக்கு, கிடைத்த கூரையெல்லாம் முகாமானது. புயல் பாதுகாப்புக் கூடங்கள், பழைய கிட்டங்கிகள், அரசு நிலத்தில் எழுப்பிய வரிசைக் குடிசைகள். பெரிய கூடங்களில் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சுவராக இருந்தது சேலை. குடிசை என்றால் பத்துக்குப் பத்து அடி. அந்த அளவு எங்கும் எழுதப்படாத சட்டம்போல மாநிலம் முழுக்கப் பரவியது. அந்த அளவில்தான் பிள்ளைகள் பிறந்தார்கள், பூப்பெய்தினார்கள், திருமணம் செய்துகொண்டார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள்.

பத்துக்குப் பத்து என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகெங்கும் பேரிடர் உதவிக் குழுக்கள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோலின்படி ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் தேவை. நம் கணக்கில் கிட்டத்தட்ட 38 சதுர அடி. சமைக்கும் இடமும் குளிக்கும் இடமும் அதில் சேராது. 100 சதுர அடியை 38 ஆல் வகுத்தால் மூன்று பேர்கூட இல்லை. ஐந்து பேர் உள்ள குடும்பம் அதற்குள் அடுப்பையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தது. அந்த அளவுகோல் வெள்ளம், பூகம்பம், போர் போன்ற நெருக்கடி நேரத்துக்காக வகுக்கப்பட்ட அடிமட்ட அளவு. நம் மக்கள் அதற்கும் கீழே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

அறையின் அளவோடு விஷயம் முடியவில்லை. வரிசை வீடுகளுக்கு இடையில் எத்தனை அடி விட்டார்கள், தீப்பிடித்தால் எங்கே நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் கட்டடப் பரப்புக்கும் 30 மீட்டர் வெட்டவெளி விட வேண்டும் என்று அதே அளவுகோல் சொல்கிறது. பங்களாதேஷின் குதுப்பாலோங்கில் ரோஹிங்கியா மக்களுக்கு நிரந்தரக் கட்டுமானத்துக்கு அனுமதி இல்லை. மூங்கிலும் தார்ப்பாயும்தான். 2021 மார்ச் 22 அன்று அங்கே பிடித்த தீ ஒரே நாளில் ஏறத்தாழ 45,000 பேரைத் தெருவில் நிறுத்தியது. தார்ப்பாய் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். வெயிலில் கிடந்து மறு ஆண்டே நைந்து கிழிந்துபோகும் என்பது இன்னொன்று.

கழிப்பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உதவி செய்ய வருகிறவர்கள் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். இருபது பேருக்கு ஒன்று, வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள் என்பது அளவு. பல முகாம்களில் வரிசையின் கடைக்கோடியில் பொதுக் கழிப்பறை இருக்கும். கதவு இருக்கும், உள்தாழ்ப்பாள் இருக்காது. விளக்குக் கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "வீட்டில் என்ன மாற்றம் வேண்டும் அம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். மேசை, மின்விசிறி என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "இரவில் தண்ணீர் குடிக்காமல் படுக்கப் பழகிவிட்டேன். அது மாறினால் போதும்" என்றாள். இருட்டில் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதைத்தான் அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னது. அன்று முதல் எந்த முகாமுக்குப் போனாலும் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கழிப்பறைக் கதவைத் திறந்து, உள்ளே நின்று தாழிட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று, வளவு. மன்னாரிலோ திருகோணமலையிலோ வீடு என்றால் நான்கு சுவர் மட்டும் இல்லை. சுற்றிக் கிடுகு வேலி, ஒரு கிணறு, முருங்கை, வாழை, பெண்கள் உட்கார்ந்து பேச ஒரு முற்றம். இவை எல்லாம் சேர்ந்ததுதான் வளவு. அப்படி வாழ்ந்தவர்களைச் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் வைத்தபோது இடத்தோடு சேர்ந்து மறைவும் போனது. ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். இருந்தாலும் அந்த மக்கள் வாசலில் இரண்டு முழ இடம் கிடைத்தால் அதில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவிடுவார்கள். நீங்கள் போகும் முகாமிலும் அந்த முருங்கையைப் பார்ப்பீர்கள். கட்டட வேலை என்று சொல்லி அதை வெட்டிவிடாதீர்கள்.

நாற்பது ஆண்டுகளாக ஏன் யாரும் ஒழுங்கான வீடு கட்டவில்லை என்று கேட்பீர்கள். பதில் சட்டத்தில் இருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்ற தகுதி நம் சட்டத்தில் கிடையாது. வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ்தான் இவர்கள் வைக்கப்பட்டார்கள். ஆனாலும் அரசு மனம் வைத்தால் வழி பிறக்கும் என்பதற்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. 1960களின் தொடக்கத்தில் மைசூர் மாநில அரசு திபெத்திய அகதிகளுக்குப் பைலகுப்பேயில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் ஒதுக்கியது. வீடு, விவசாய நிலம், பள்ளி, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் வந்தன. அதே இந்தியா, அதே சட்டம். அங்கே நீண்ட நாள் இருப்பார்கள் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு திட்டமிட்டார்கள். இங்கே நாளையே போய்விடுவார்கள் என்று நம்பினோம், அல்லது நம்ப விரும்பினோம்.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு நிலைமை இன்னும் இறுகியது. முகாமுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழைவதற்கே சில ஆண்டுகள் தடை இருந்தது. ஈழ மக்களே 1984இல் தொடங்கி நடத்திவந்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவை மறுபடி உள்ளே வந்த பிறகுதான் படிப்பும் சுகாதாரமும் மூச்சு விட்டன. முகாமில் பதிவு நாள் என்று ஒன்று உண்டு. குடும்பத்தோடு போய் நின்று ஆள் இருப்பதைக் காட்ட வேண்டும். வராதவருக்கு அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடை நின்றுவிடும். வேலை கிடைக்கும் ஊருக்குக் குடிபெயர முடியாது என்பதால் முகாம் ஆண்களில் மிகப் பலர் பெயின்ட் அடிக்கும் தினக்கூலி வேலைக்குப் போனார்கள். அன்று கூப்பிட்டு அன்றே கூலி தரும் வேலை, சான்றிதழ் கேட்காத வேலை. ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் வண்ணம் அடித்துவிட்டு மாலையில் தார் அட்டைக்குக் கீழே வந்து படுத்தார்கள்.

2021இல் ஒரு நல்ல திருப்பம் வந்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000 ஆகவும், சிறுவர்களுக்கு 400இலிருந்து 500 ஆகவும் உயர்ந்தது. பழுதடைந்த 7,469 வீடுகளை 231.54 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டித் தருவதாக அரசு அறிவித்தது. முதல் கட்டம் 3,510 வீடுகள். திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் 2023 செப்டம்பரில் 13 மாவட்டங்களின் 1,591 வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. கான்கிரீட் கூரை, ஏறத்தாழ 300 சதுர அடி, சமையலறையும் கழிப்பறையும் வீட்டோடு. இதை மனமாரப் பாராட்டுகிறேன். கழிப்பறை வீட்டுக்குள் வந்தது என்ற ஒன்றுக்காகவே அந்தத் திட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வீடு ஒதுக்கீடுதான், பட்டா இல்லை. மகனுக்குத் திருமணமானால் புதுக் குடும்பத்துக்கு இடம் இல்லை. 300 சதுர அடியை மறுபடி சேலையால் இரண்டாகப் பிரிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்களான மலையக வம்சாவளியினர் பல ஆயிரம் பேர் இதே முகாம்களில் அகதி என்ற முத்திரையோடு இருக்கிறார்கள். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் அதைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலைநாட்டிக் கடவுச்சீட்டு பெற்று, 2024 தேர்தலில் வாக்களித்தார். உங்கள் முகாமில் 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் எத்தனை பேர், பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கணக்கெடுத்து நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் சேர்ப்பீர்களானால், அதுவும் வீட்டு உதவிதான். குடியுரிமை இருந்தால் பட்டா கேட்கலாம், வங்கிக் கடன் கேட்கலாம்.

முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. வெளிப்பதிவு என்பார்கள். இவர்கள் ஏறத்தாழ 34,000 பேர். பணக்கொடை கிடையாது, அரசு வீடும் கிடையாது. வாடகை வீடு தேடும்போது பேச்சைக் கேட்டதுமே "எந்த ஊர்?" என்பார்கள். அதன் பிறகு முன்பணம் இரண்டு மடங்காகும், அல்லது வீடு ஏற்கெனவே பேசி முடித்துவிட்டோம் என்பார்கள். இவர்களுக்குப் பணத்தைவிட ஜாமீன் சொல்லும் ஓர் உள்ளூர்க்காரர்தான் பெரிய உதவி. வீட்டு உரிமையாளரிடம் கூடப் போய், "எனக்குத் தெரிந்த குடும்பம்" என்று சொல்லுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தில், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. இது பல உரிமையாளர்களுக்கே தெரியாது.

இப்போது உங்கள் 3 லட்சத்துக்கு வருகிறேன். அரசு கட்டிய வீடுகளுக்கே ஒன்றுக்கு 5 லட்சம் ஆகியிருக்கிறது. 3 லட்சத்தில் ஒரு வீடுகூட எழும்பாது. ஆகவே நாற்பது வீடுகளையும் தொடும் வேலையாகத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வேலை ஒரு கடிதம். மறுவாழ்வு முகாமுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மறுவாழ்வுப் பிரிவைப் பாருங்கள். வருவாய் ஆய்வாளரையும் முகாம் தலைவரையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். அந்த முகாம் அடுத்த கட்டப் புதிய வீடுகளின் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கூரையில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அடுத்த ஆண்டு இடிபடும் சுவரில் உங்கள் ஊர்ப் பணம் கரைய வேண்டாம். பட்டியலில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்டு முகாம் மக்கள் கையெழுத்தோடு ஒரு மனு கொடுக்க உதவுங்கள். நிலம் எந்தத் துறையுடையது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பல முகாம்களில் வேலை நடுவில் நின்றுபோவது அந்த ஒரு கேள்வியை முதலில் கேட்காததால்தான்.

வெயிலுக்கு, இருக்கும் கூரை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலையைச் சுண்ணாம்பு நன்றாகவே செய்யும். சிமென்ட் அட்டைக் கூரையாக இருந்தால் அதைத் துளையிடவோ உடைக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. சுண்ணாம்பு அடிக்க வெளியூர் ஆளைக் கூப்பிடாதீர்கள். முகாமிலேயே கைதேர்ந்த பெயின்டர்கள் இருக்கிறார்கள். ஊரில் என்ன கூலியோ அதை அவர்களுக்குக் கொடுங்கள். "உங்கள் வீடுதானே, இலவசமாகச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் கூலி போனால் ஒரு நாள் அடுப்பு அணையும்.

மழைக்கு, கூரையைவிடத் தரையைப் பாருங்கள். முகாம் வீடுகளில் தண்ணீர் பாதி கூரை வழியாக வருகிறது என்றால் மீதி வாசல் வழியாக வருகிறது. வரிசைகளுக்கு நடுவே வாட்டம் பார்த்து ஒரு வடிகால் வெட்டி, வாசற்படியை ஓர் அடி உயர்த்தினாலே பாய் நனையாமல் படுக்கலாம். இவை செங்கல்லும் சிமென்டும் கொஞ்சமாகக் கேட்கும் வேலைகள். ஒழுகும் அட்டைகளை மட்டும் தேர்ந்து மாற்றுங்கள். பிறகு கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும், போகும் பாதைக்குச் சூரிய ஒளி விளக்கும். மீதி இருந்தால் பெண்களுக்கு ஒரு குளியல் மறைப்பு. இவை எல்லாம் 3 லட்சத்துக்குள் அடங்கும் என்பது என் அனுபவம், கூலியையும் சேர்த்துத்தான். பொருளாக வாங்கிக் குவிப்பதைவிட, தம் வீட்டைத் தாமே செப்பனிடத் தெரிந்த குடும்பங்களுக்குத் தொகையைக் கையில் கொடுத்துவிடலாம். அவர்கள் நம்மைவிடச் சிக்கனமாகச் செலவு செய்வார்கள்.

ஆவணியில் அனுமதி வாங்கினால் புரட்டாசியில் வேலையை முடித்துவிடலாம். போகும் முதல் நாள் பிஸ்கட் பொட்டலமும் புகைப்படக்காரரும் வேண்டாம். ஓர் அளவு நாடாவும் நோட்டும் எடுத்துச் செல்லுங்கள். நாற்பது வீட்டையும் அளந்து, எத்தனை பேர், எந்த மூலையில் ஒழுகுகிறது, பெண்பிள்ளை எங்கே உடை மாற்றுகிறாள் என்று குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த வரைபடத்தை முகாம் பெண்கள் நடுவே விரித்து வையுங்கள். அவர்கள் விரல் வைத்து மாற்றச் சொல்லும் இடங்களையெல்லாம் மாற்றி வரைந்த பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.